சீம்பால் மாத்திரை வாங்கும் முன்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் இப்போதெல்லாம் சீம்பால் மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "இதைச் சாப்பிட்டா எதிர்ப்புச் சக்தி ஏறுமாமே மேடம்?"

கன்றுக்கு ஏறும். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. அதனால் பிறந்த முதல் சில மணி நேரம் கன்றின் குடல் சீம்பாலில் உள்ள அந்தப் புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடுகிறது. ஒரு நாளுக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். நமக்கோ அவை தாயின் கருவறையிலேயே கிடைத்துவிடுகின்றன. வளர்ந்தவர்கள் சீம்பால் சாப்பிட்டால் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் செரித்துப்போகும், மிச்சம் குடலோடு நிற்கும்.

குடலில் அதற்கு ஓரளவு வேலை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இண்டோமெதசின் போன்ற வலி மாத்திரைகளும் கடும் உடற்பயிற்சியும் குடல் சுவரின் கட்டுக்கோப்பைத் தளர்த்தும். அந்தத் தளர்ச்சியைச் சீம்பால் பவுடர் குறைத்ததாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டின. உடற்பயிற்சி ஆய்வு ஒன்றில் கொடுத்த அளவு தினம் 20 கிராம், இரண்டு வாரத்துக்கு. உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மாத்திரையில் அரை கிராம் என்றால், அந்த அளவுக்கு ஒரு நாளில் 40 மாத்திரை விழுங்க வேண்டும்! ஆய்வின் பலனைச் சொல்லி விற்கிறவர்கள் இந்த அளவையும் சொல்ல வேண்டாமா?

பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. போட்டிகளில் ஓடும் பிள்ளைகளுக்கும் வேண்டாம். இதில் இயற்கையாகவே இருக்கும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி ஊக்கமருந்துச் சோதனை முடிவைப் பாதிக்கலாம் என்பதால், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவே இதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, வீட்டுச் சீம்பால்? கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சினால், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். சூட்டில் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்றாலும் அருமையான புரத உணவு அது. பச்சையாக மட்டும் வேண்டாம், புரூசெல்லா கிருமி தொற்றலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. பசுவின் சீம்பாலைக் காசு கொடுத்து வாங்குகிற அதே வீட்டில், பிள்ளை பெற்றவளின் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்லி, பிரசவ வார்டு செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.