எஸ்யூவிக்குத் தமிழ் என்ன? ‘விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்’ ஏன் கூடாது?

ஃபெராரியின் புரோசாங்குவே வண்டியைப் பற்றித் தமிழில் வந்த ஒரு குறிப்பை அண்மையில் படித்தேன். ‘ஃபெராரியின் முதல் சொகுசு விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்’ என்று தலைப்பு. எஸ்யூவி, அதாவது ஸ்போர்ட் யூட்டிலிட்டி வெஹிக்கிள் என்று ஆங்கிலத்தில் சொல்கிற உயரமான, பெரிய கார் வகையைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். உள்ளேயும் பத்திக்குப் பத்தி அதே தொடர்தான். கார் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இதைப் படித்தால், மைதானத்துக்குப் பந்தும் வலையும் ஏற்றிப் போகிற வண்டி என்றுதான் நினைப்பார். இந்தத் தொடரைச் செய்திகளிலும் விளம்பரங்களிலும் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. இது தவறான மொழிபெயர்ப்பு என்று ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்போர்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வேலையிலிருந்து மனத்தை விலக்கிப் பொழுதைக் கழிப்பது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் வேட்டையையும் மீன்பிடித்தலையும் ஸ்போர்ட் என்றார்கள். ஸ்போர்ட்ஸ்மேன் என்றால் அவர்களிடம் வேட்டைக்காரர். யூட்டிலிட்டி லத்தீன் வழி வந்தது, பொருள் பயன். ஆனால் மோட்டார் தொழிலில் அதற்குச் சுமை ஏற்றுகிற வண்டி என்ற தனிப் பொருள் உண்டு. 1934இல் ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் முன்பக்கம் கார், பின்பக்கம் சுமைத்தட்டு என்று ஒரு வண்டி செய்தது. அதற்கு யூட்டிலிட்டி என்று பெயர் வைத்தார்கள், இன்றும் அங்கே அந்த வகை ‘யூட்’தான். அமெரிக்காவில் 1970களில் ஜீப் நிறுவனம் தன் செரோக்கி வண்டியின் விளம்பரத்தில் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தது. 1975இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் இந்த வண்டிகளை இலகு டிரக் வகையில் விட்டு, கார்களுக்கு வைத்ததைவிடத் தளர்ந்த கட்டுப்பாடு வைத்தது. அதனால் கம்பெனிகளுக்கு இதைச் செய்வது லாபமாகிப் போனது. பெயரும் பரவிவிட்டது.

ஆக, சுமை வண்டியின் உடம்பை எடுத்து உல்லாசத்துக்கு ஏற்றபடி செய்தது என்பதே அந்த ஆங்கிலத் தொடரின் கருத்து. இதில் விளையாட்டு எங்கே வந்தது?

ஸ்போர்ட் என்றால் விளையாட்டு என்று அகராதியில் இருக்கிறது, சரி. ஆனால் தமிழில் விளையாட்டு என்றதும் நமக்குக் கபடியும் கிரிக்கெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. இல்லையென்றால் ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’, ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிற பொருள் வரும். வேட்டையை நாம் விளையாட்டு என்பதில்லை, வேட்டை என்றே சொல்கிறோம். ஆங்கிலத் தொடரில் எந்தப் பொருள் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வண்டிகளைச் செய்கிறவர்களே காட்டிக் கொடுக்கிறார்கள். பென்ட்லி 2015இல் பென்டேகாவைக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், வாங்குபவர் விருப்பப்படி வண்டியை அமைத்துத் தரும் அதன் முல்லினர் பிரிவு, தூண்டில் மீன்பிடிப்போருக்கு ஒரு பதிப்பும், வல்லூறு வைத்து வேட்டையாடுவோருக்கு ஒரு பதிப்பும் செய்து காட்டியது. முதலாவதில் தூண்டில் கோல்களுக்குத் தோல் தைத்த உறைகள். இரண்டாவதில் பறவை உட்கார ஒரு தாங்கி, அதன் கண்ணை மூடும் தோல் தொப்பி, கையுறை. ரோல்ஸ் ராய்ஸ் 2018இல் கல்லினனைக் கொண்டுவந்தபோது, பின்கதவைத் திறந்தால் தோல் இருக்கைகள் இரண்டும் நடுவில் ஒரு சிறு மேசையும் வெளியே நீண்டு வரும்படி ஒரு வசதியை விற்றது. அதில் உட்கார்ந்து குதிரைப் போலோ பார்க்கலாம், சூரியன் மறைவதைப் பார்க்கலாம். வண்டிக்காரர் அங்கே எதையும் விளையாடப் போவதில்லை. அந்த ஸ்போர்ட் உல்லாசம். தமிழில் அதைக் குறிக்க உலா, கேளிக்கை, உல்லாசம் என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன!

அடுத்தது பயன்பாடு. பயன் வேறு, பயன்பாடு வேறு. ஒன்றைப் பயன்படுத்துவதுதான் பயன்பாடு. ‘மின்சாரப் பயன்பாடு கூடிவிட்டது’ என்கிறோமே, அது. அப்படியென்றால் பயன்பாட்டு வாகனம் என்றால் என்ன? பயன்படுத்தாத வாகனம் என்று ஒன்று உண்டா? சுமை ஏற்றும் வேலை என்ற பொருள் இந்தச் சொல்லில் துளிகூட இல்லை. இதற்குமேல் மூன்று பெயர்ச்சொல்லை உருபு எதுவும் இல்லாமல் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். விளையாட்டுக்குப் பயன்படுகிற வாகனமா, விளையாட்டாகப் பயன்படுத்துகிற வாகனமா, விளையாட்டும் பயன்பாடும் உடைய வாகனமா? எப்படிப் பிரித்தாலும் எஸ்யூவி வருவதில்லை. ஆங்கிலத்தில் ஸ்போர்ட் என்பது யூட்டிலிட்டி வெஹிக்கிள் என்கிற ஏற்கெனவே வழங்கும் பெயருக்கு அடைமொழி. அந்தக் கட்டுமானத்தைப் பார்க்காமல், சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டார்கள்.

இது வெறும் இலக்கணக் குறை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். இந்தத் தொடரால் ஒரு முழு விவாதமே தமிழில் புரியாமல் போகிறது. கார் பிரியர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது: ஆடம்பரக் கார் நிறுவனங்கள் ஏன் இந்தப் பெரிய வண்டிகளைச் செய்ய வேண்டும்? 2002இல் போர்ஷே நிறுவனம் கயென் வண்டியை அறிமுகப்படுத்தியபோது, அதன் புகழ்பெற்ற 911 ஸ்போர்ட்ஸ் காரின் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். தாழ்ந்த, இலகுவான, பின்னால் இன்ஜின் வைத்த காரைச் செய்து பேரெடுத்த நிறுவனம், ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்கோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டு இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை விற்கலாமா என்று கேட்டார்கள். பிறகு பென்டேகா வந்தது, லம்போர்கினி உருஸ் வந்தது. கயென், ஆடி க்யூ7 இவற்றோடு அந்த இரண்டும் ஃபோக்ஸ்வாகன் என்ற ஒரே குழுமத்தின் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. ‘முத்திரையை மாற்றி ஒட்டிவிட்டு விலையை ஏற்றுகிறார்கள்’ என்ற குறை அங்கிருந்துதான் கிளம்பியது. எல்லாவற்றையும்விட லோட்டஸ் பிரியர்களின் வருத்தம் பெரிது. லோட்டஸை நிறுவிய கோலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க எடையைக் குறை, எடையைக் குறை என்று சொன்னவர். 1996இல் வந்த முதல் எலீஸ் காரின் எடை முக்கால் டன்னுக்கும் கீழே. 2022இல் அதே லோட்டஸ் அறிமுகப்படுத்திய எலெட்ரே இரண்டரை டன்னை ஒட்டி நிற்கிறது.

இவர்கள் ஆங்கிலத்தில் சொல்வது: இந்த வண்டிகளில் ஸ்போர்ட்டும் இல்லை, யூட்டிலிட்டியும் இல்லை. பொருள், ஓட்டுகிற சுகமும் இல்லை, சுமை இழுக்கிற வேலையும் இல்லை. எடை மேலே இருப்பதால் வளைவில் வண்டி சாய்கிறது. அந்தச் சாய்வை மறைக்கக் காற்று சஸ்பென்ஷனும் மின்னணுக் கருவிகளும் சேர்க்கிறார்கள், அதனால் இன்னும் எடை கூடுகிறது. அத்தனை விலை கொடுத்து வாங்கியவர் அதைச் சேற்றில் இறக்கப் போவதுமில்லை. வலுவான வாதம். நான் பெரும்பாலும் இந்தக் கட்சிதான். இதைத் தமிழாக்குகிறவர் என்ன எழுதுவார்? ‘இதில் விளையாட்டும் இல்லை, பயன்பாடும் இல்லை.’ வாதம் அங்கேயே செத்துவிடுகிறது.

எதிர்க்கட்சிக்கும் வலு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கயென் கொண்டுவந்த பணம் இருந்ததால்தான் போர்ஷே 911ஐ இந்த அளவுக்கு வளர்த்தெடுக்க முடிந்தது என்பார்கள். லம்போர்கினி 2017இல் உலகம் முழுக்க விற்றது 3,815 கார்கள். உருஸ் வந்த பிறகு 2019இல் 8,205. அதில் 4,962 உருஸ் மட்டும். அது மணிக்கு 305 கிலோமீட்டர் போகிறது, அதில் ஸ்போர்ட் இல்லையென்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். நம் ஊர் ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: வேகத்தடையில் வயிறு உரசாத ஃபெராரி வேண்டும் என்றால் வேறு வழி என்ன? அதுவும் நியாயம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த நிறுவனங்களே எஸ்யூவி என்ற பெயரைச் சொல்லக் கூச்சப்படுகின்றன. பிஎம்டபிள்யூ 1999இல் எக்ஸ்5 வந்த நாளிலிருந்து நடுவில் உள்ள சொல்லை மாற்றி எஸ்ஏவி என்று சொல்லிவருகிறது. யூட்டிலிட்டி போய் ஆக்டிவிட்டி வந்துவிட்டது. அதன் சென்னை ஆலையில் பூட்டப்படும் எக்ஸ்5, எக்ஸ்7 வண்டிகளுக்கும் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பெயர்தான். ஃபெராரி 2022இல் புரோசாங்குவேவை வெளியிட்டபோது நான்கு கதவும் நான்கு இருக்கையும் கொண்ட கார் என்றே சொன்னது. இத்தாலியத்தில் அந்தப் பெயருக்குத் தூய ரத்தம் என்று பொருள். எங்கள் ரத்தம் கலக்கவில்லை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கல்லினனை ‘உயர்ந்த உடம்புள்ள கார்’ என்ற பொருள்படவே அறிமுகப்படுத்தியது. செய்கிறவரே ஏற்காத ஒரு பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அவர் வண்டியில் ஒட்டுகிறோம்.

இந்தியச் சட்டமும் இதில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, பெரிய வண்டிக்கான கூடுதல் வரி விதியில், மக்கள் எஸ்யூவி என்று அழைக்கும் வாகனங்கள் என்று எழுதி, அளவுகளையும் சேர்த்திருந்தார்கள். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், இன்ஜின் 1,500 சிசிக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. என் வண்டி எஸ்யூவி இல்லை என்று சொல்லி நழுவ அந்தப் பெயர் இடம் கொடுத்தது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம், எந்தப் பெயரால் அழைத்தாலும் அளவு பொருந்தினால் வரி உண்டு என்று தெளிவாக்கியது. பெயரை விட்டு உயரத்தையும் நீளத்தையும் பிடித்துக்கொண்டதும் குழப்பம் போய்விட்டது. தமிழ்ச் சொல்லும் அப்படி, கண்ணுக்குத் தெரியும் உருவத்தைப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேறு என்ன சொற்கள் புழங்குகின்றன? பல்பயன் ஊர்தி என்கிறார்கள் சிலர். அது இன்னோவா மாதிரி எட்டுப் பேர் உட்காரும் வண்டிக்குப் பொருந்தும், கல்லினனுக்குப் பொருந்தாது. உயர்மகிழுந்து நல்ல முயற்சி. ஆனால் உயர்நீதிமன்றம், உயர்கல்வி என்று கேட்டுப் பழகிய காதுக்கு உயர் என்றால் மேலான என்றுதான் கேட்கும், அப்போது தாழ்வான ஆடம்பரக் காரும் உயர்மகிழுந்து ஆகிவிடும். ஊர்ப்புறத்தில் பெரியவர்கள் பொலேரோ முதல் ஸ்கார்பியோ வரை எல்லாவற்றையும் ஜீப்பு என்பார்கள். பொருள் சரியாகவே புரியும், ஆனால் அது இன்னொரு நிறுவனத்தின் பெயர். இளைஞர்கள் ‘பெரிய வண்டி எடுத்துட்டான்’ என்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற தெளிவு மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

நான் சொல்வது ஓங்குந்து. பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து என்று உந்து சேர்ந்த சொற்கள் நமக்குப் பழகியவை. ஓங்கு என்பது சங்கப் பாட்டில் மலைக்கும் மரத்துக்கும் வரும் சொல், இன்றைய பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. உயரமும் உடற்கட்டும் உள்ள ஆளை ‘ஓங்குதாங்கா இருக்கான்’ என்கிறோம். உயரமும் பருமனும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ஸ்போர்ட்டில் உள்ள உல்லாசம் விட்டுப்போகிறதே என்று கேட்டால், அதைக் காருக்கே எப்போதோ கொடுத்தாகிவிட்டது. நம் தாத்தாக்கள் காரைப் பிளஷர் என்றார்கள், ஊரில் அது பிளசர் ஆனது. மகிழுந்து என்ற சொல்லிலும் அதே மகிழ்ச்சி இருக்கிறது. ஒரே உல்லாசத்தை ஒரு வண்டிக்கு இரண்டு முறை சொல்ல வேண்டாம்.

முன்னால் வரும் லக்சுரிக்கு என்ன? சொகுசு தெலுங்கு வழி வந்தது, அங்கே அழகு என்று பொருள், இங்கே உடம்புக்கு இதமான வசதி. சென்னை மாநகரப் பேருந்திலேயே சொகுசுப் பேருந்து உண்டு. எனவே இருக்கையைச் சொகுசு என்னுங்கள், நிறுவனத்தை ஆடம்பர நிறுவனம் என்னுங்கள். உருஸ், கல்லினன் எல்லாம் ஆடம்பர ஓங்குந்து. தலைப்பில் எஸ்யூவி என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல், பொய் சொல்லாத சொல். விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம் தமிழ்போலத் தோன்றித் தமிழருக்குப் புரியாமல் நிற்கிறது, தூய்மைக்கும் அது உதவவில்லை.

இந்த நோய் ஒரு தொடரோடு நிற்கவில்லை. அதே மாதிரிக் குறிப்புகளில் கிரவுண்ட் கிளியரன்ஸை ‘தரை அனுமதி’ என்று எழுதுகிறார்கள். வண்டிக்குத் தரை அனுமதி கொடுக்கிறதா? தரை இடைவெளி என்றால் மெக்கானிக்கடைப் பையனுக்கும் புரியும். வளைவில் வண்டி சாய்வதை ‘உடல் உருட்டல்’ என்கிறார்கள். சாய்வு என்று மூன்றரை மாத்திரையில் முடிகிற விஷயம். ஸ்போர்ட்ஸ் காரை ‘விளையாட்டு மகிழுந்து’ ஆக்குகிறார்கள், ஓட்டுநர் அதில் என்ன விளையாடுகிறார் என்று சொல்வதில்லை. கணினி தரும் முதல் வரியை அப்படியே ஒட்டுவதால் பாதி வருகிறது. மீதிப் பாதி, அந்த வண்டியை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதுவதால் வருகிறது. கார் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு பட்டறைக்குப் போய், அங்கே வேலை செய்பவர்கள் அச்சை, பட்டையை, சட்டத்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அரைநாள் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.