பழைய தையல் மிஷினும் 6.5 அங்குல இடைவெளியும்

போன மாதம் அம்மாவின் கறுப்பு மிஷினில் ஒரு குவில்ட் தைக்க உட்கார்ந்தேன். பழைய பருத்திப் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு புடவை. சதுரங்களை இணைக்கும்வரை மிஷின் ஜோராக ஓடியது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க ஆரம்பித்ததும் முரண்டு பிடித்தது. மேல்துணி முன்பக்கம் வழிந்து மடிப்பாகத் திரண்டது. அங்கங்கே தையல் விட்டுப்போனது. நடுப்பகுதிக்கு வந்தபோது, சுருட்டிய துணி மிஷினின் கைக்கு அடியில் நுழைய மறுத்தது. "பேசாம புது மிஷின் வாங்கிடேன்" என்றாள் தங்கை.

வாங்கலாம்தான். ஆனால் மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. அது தெரியாமல் கடைக்குப் போனால், கையில் ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்கி வருவோம்.

முதலில் தையல் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். இடப்பக்கத் தகட்டைத் தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக நம் பக்கம் சுற்ற வேண்டும். ஊசி கீழே போகிறது. அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி, சுமார் 2 மில்லிமீட்டர் ஏறும்போதுதான் விஷயமே நடக்கிறது. ஊசி ஏறுகிறது, நூலோ துணியில் உரசிக்கொண்டு கூடவே ஏறாமல் நிற்கிறது. அப்படி நின்ற நூல் ஊசியின் ஒரு பக்கத்தில் சின்னக் கண்ணியாகப் பிதுங்குகிறது. சரியாக அந்த நேரத்துக்கு, அடியில் இருக்கும் ஷட்டில் என்ற கொக்கியின் கூர்முனை வந்து கண்ணிக்குள் நுழைகிறது, அதை விரிக்கிறது, அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூல் அடிநூலை வளைத்தாயிற்று. மேலே நூல் இழுக்கும் நெம்புகோல் ஏறி மிச்ச நூலை வெடுக்கென்று இழுக்க, இரண்டு நூலும் பின்னிய இடம் துணிக்குள் புதைந்துவிடுகிறது.

1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மிஷினில் முனையருகே கண்ணுள்ள ஊசி, அடியில் ஒரு ஷட்டில், இரட்டை நூல் எல்லாமே இருந்தன. இன்று லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் கம்ப்யூட்டர் மிஷினிலும் தையல் விழுவது இப்படித்தான். நம் ஊர் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிஷின்கள், மேலே எந்த கம்பெனிப் பெயர் பொறித்திருந்தாலும், பெரும்பாலும் சிங்கரின் 15ஆம் வகுப்பு மாடலை ஒட்டியவை. அதில் ஷட்டில் ஊஞ்சல் மாதிரி போய்த் திரும்புகிறது. ரோட்டரி மிஷினில் ஒரே திசையில், ஒரு தையலுக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது. போய்த் திரும்புவது ஒவ்வொரு முறையும் நின்று திசை மாற வேண்டும் என்பதால் அதிர்வும் சத்தமும் கூடுதல், வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. குவில்ட் தைப்பவர்கள் விரும்பும், ஜப்பானிய கம்பெனி ஜூகியின் டிஎல் (TL) வரிசை ரோட்டரி மிஷின்கள் நிமிடத்துக்கு 1500 தையல்வரை போகும். ஆனால் தைத்து முடித்த துணியைக் காட்டி, எது எந்த மிஷினில் விழுந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

சரி, தையல் ஏன் விட்டுப்போனது? அந்தக் கண்ணியிடம்தான் பதில் இருக்கிறது. ஊசி ஏறும்போது துணி அசையாமல் நின்றால்தான் நூல் பிதுங்கும். பஞ்சு வைத்த துணியோ மெத்தென்று இருக்கிறது. ஊசியைப் பிடித்துக்கொண்டு அதுவும் கூடவே எழும்புகிறது. துணியும் நூலும் ஊசியோடு சேர்ந்தே ஏறினால் கண்ணி எங்கிருந்து வரும்? ஷட்டில் முனை வெறும் காற்றைக் குத்திவிட்டுப் போகிறது. ஊசி மழுங்கியிருந்தால் துணி இன்னும் அதிகமாக எழும்பும். நான் 14ஆம் நம்பர் புது ஊசி மாட்டி, துணியை மேலிருந்து அமுக்கும் பாதத்தின் அழுத்தத் திருகை ஒரு சுற்று இறுக்கினேன். விட்டுப்போவது நின்றது.

இந்த விஷயத்தில் பழைய மிஷினுக்கு ஒரு சாதகம்கூட உண்டு. அது நேர்த்தையல் மட்டுமே போடும். அதனால் ஊசித் தகட்டில் சின்ன வட்டத் துளை போதும். அந்தத் துளையின் விளிம்பு துணியைச் சுற்றிலும் தாங்கிப் பிடிக்கிறது. ஜிக்ஜாக் போடும் மிஷினில் ஊசி பக்கவாட்டில் ஆட வேண்டும், எனவே துளை அகலமான நீள்பிளவாக இருக்கும். நேர்த்தையல் போடும்போது துணி அந்தப் பிளவுக்குள் அமுங்கும். விலை உயர்ந்த புது மிஷின் வாங்கியவர்கள் வட்டத் துளைத் தகட்டைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அம்மாவின் மிஷினில் அது பிறவியிலேயே இருக்கிறது.

மேல்துணி வழிந்ததற்கு ஊசி பொறுப்பில்லை. துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பற்கள். மேலே எழும்பி, பின்னால் தள்ளி, கீழே இறங்கி, முன்னால் திரும்பி வரும் இந்த நான்கு அசைவு ஏற்பாட்டுக்கு ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை வாங்கினார். பற்கள் தொடுவது அடித்துணியை மட்டும். மேல்துணியை யாரும் இழுப்பதில்லை. அது அடித்துணியோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். பாதமோ மேலிருந்து அதை அமுக்கிப் பிடிக்கிறது. இரண்டு துணி என்றால் பரவாயில்லை. நடுவில் வழுக்கும் பஞ்சு வந்துவிட்டால் அடித்துணி போய்விடும், மேல்துணி பின்தங்கும். ஒரு தையலுக்குக் கால் மில்லிமீட்டர் பின்தங்கினாலும் நூறு தையலில் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். தையல் விடாமலிருக்க அழுத்தத்தைக் கூட்டினேனே, அது இதை இன்னும் மோசமாக்கும். ஒரு பக்கம் சரிக்கட்டினால் இன்னொரு பக்கம் இடிக்கிறது.

வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இதற்காகவே வந்தது. அதற்கு அடியிலும் சொந்தப் பற்கள் உண்டு. பக்கவாட்டில் நீட்டும் கவட்டையை ஊசி மாட்டும் திருகின்மேல் பொருத்த வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது கவட்டையும் ஏறி இறங்கி, மேல் பற்களைக் கீழ்ப் பற்களுக்கு ஜோடியாக நடக்க வைக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிய ஃபாஃப் போன்ற கம்பெனிகள் இதே வேலையை மிஷினுக்குள்ளேயே அமைத்துத் தருகின்றன. அது இன்னும் துல்லியம்தான். ஆனால் 15ஆம் வகுப்பு மிஷினுக்கு, பல புது வீட்டு மிஷின்களைப் போலவே, குட்டையான பாதத்தண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண வாக்கிங் ஃபுட் அப்படியே பொருந்தும். இதற்காக மட்டும் மிஷினை மாற்றுவது அநியாயம்.

மோட்டார் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மிஷினைக் குறை சொல்லும்போது உண்மையில் குற்றவாளி பின்னால் திருகியிருக்கும் குட்டி மோட்டார்தான். பழைய பாணி பெடல் வேகத்தைக் குறைப்பதற்கு மின்தடையைக் கூட்டி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே குறைக்கிறது. வேகம் குறையும்போது பலமும் கூடவே குறைகிறது. நாலு சதுரம் சந்திக்கும் தடித்த இடத்தில் மெதுவாகப் போகலாம் என்று காலைத் தளர்த்தினால் ஊசி நின்றுவிடும். அழுத்தினால் பாய்ந்து ஓடும். எலக்ட்ரானிக் மிஷின் தன் வேகத்தைத் தானே கவனித்து, தடை வரும்போது கூடுதல் மின்சாரம் கொடுக்கிறது. நிறுத்தினால் ஊசியைத் துணிக்குள்ளேயே விட்டு நிற்கவும் செய்யும். இது உண்மையான முன்னேற்றம், மறுக்க மாட்டேன். கால்மிதி மிஷினில் அந்த வேலையை வலது கையும் சக்கரமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நுழையாத துணிக்கு வருவோம். இதற்கு ஊசியும் உதவாது, பாதமும் உதவாது. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்தேன்: 6.5 அங்குலம். இரட்டைக் கட்டில் குவில்ட் 90 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தைக்கும்போது பாதி, அதாவது 45 அங்குலம், சுருட்டி அந்த இடைவெளிக்குள் போக வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இறுக்கிச் சுருட்டினாலே விட்டம் சுமார் 3 அங்குலம் வரும். கையால் சுருட்டும்போது காற்றும் சேர்ந்து 4 ஆகிவிடும். மிச்சம் 2.5 அங்குலம். அந்தச் சந்துக்குள்தான் துணியைத் திருப்ப வேண்டும், வளைக்க வேண்டும்.

10 அங்குல இடைவெளி உள்ள மிஷினில் அதே சுருளைப் போட்டால் மிச்சம் 6 அங்குலம். மிஷின் மூன்றரை அங்குலம்தான் நீண்டது, வேலை செய்யும் இடமோ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. குவில்ட்டுக்காகப் புது மிஷின் வாங்குபவர்கள் அதிகம் காசு கொடுப்பது இந்தக் காலி இடத்துக்குத்தான். விளம்பரத்தில் முன்னால் நிற்கும் 200 வகைத் தையலில் குவில்ட்டுக்கு நான் தொடப்போவது ஒன்றோ இரண்டோ.

பூவேலை மாதிரி இஷ்டப்படி வளைத்துத் தைக்க இந்த இடம் இன்னும் முக்கியம். அப்போது பற்கள் துணியை இழுக்கக் கூடாது. பல்லை இறக்கும் வசதி இல்லாத மிஷினில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். பற்கள் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். துணியை நகர்த்துவது நம் கை. நிமிடத்துக்கு 600 தையல் என்றால் நொடிக்கு 10, ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீட்டர் வர வேண்டுமென்றால் கை நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும், ஒரே சீராக. குவில்ட்டின் எடை இரண்டு கிலோவைத் தாண்டும், அது மேசையிலிருந்து தொங்கினால் கை தடுமாறும், ஊசி வளையும். கால்மிதி மிஷின் மரப் பலகைக்குள் பதிந்து, மேசையும் தகடும் ஒரே மட்டமாக இருக்கிறதே, அது இங்கே பெரிய ஆறுதல்.

பழைய மிஷினின் ஆயுளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. கால்மிதி 15ஆம் வகுப்பில் பல்சக்கரமே கிடையாது. எல்லாம் இரும்புத் தண்டும் நெம்புகோலும். 1960களுக்குப் பிறகு வந்த பல மாடல்களில் நைலான் பல்சக்கரம் வயதாகி விரிசல் விட்டது போல இதில் விட ஏதுமில்லை. எண்ணெய் மட்டும் மிஷின் எண்ணெயாக இருக்க வேண்டும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட பாவத்தை நானும் செய்திருக்கிறேன். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளாக ஆகப் பிசினாக இறுகும். மார்கழியில் சக்கரம் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நான் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தைப்பவள், அதுவும் பெரும்பாலும் ஒற்றைக் கட்டில் அளவு. வாக்கிங் ஃபுட் வாங்கினேன், மிஷினை வைத்துக்கொண்டேன். மாதம் ஒரு பெரிய குவில்ட் தைப்பவளாக இருந்தால் 10 அங்குல மிஷினுக்கு யோசிக்காமல் பணம் சேர்த்திருப்பேன். தங்கைக்கு மட்டும் இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒன்று வேண்டுமாம். அதை நாலு துண்டாகப் பஞ்சு வைத்துத் தைத்து, கடைசியில் இணைக்கப் போகிறேன்.