ஓதம் அடித்த சுவரில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. மடிப்பாக்கத்தில் முதல் மாடி, வாடகைக் குடித்தனம். "அண்ணே, சுவர் ஸ்டிக்கர் ஒரு ஓரமா உப்பி நிக்குது, வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றுதான் அந்தத் தங்கச்சி போனில் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்கச் செங்கல் டிசைன் போட்ட ஃபோம் ஷீட். ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தேன். ஷீட்டோடு சேர்ந்து பெயின்ட்டும் பட்டியும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தன. பின்னால் கன்னங்கரேலென்று பூஞ்சணம். நான்கு மாதமாக அந்தப் பக்கம் தலை வைத்துத்தான் ஆறு வயதுப் பையன் தூங்கியிருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். கேட்க வேண்டியதே இல்லை, ஆனாலும் கேட்டேன்: ஒட்டும்போது சுவர் எப்படி இருந்தது?

"லேசா ஓதம் இருந்துச்சுண்ணே. வீட்டுக்காரர் சரி பண்ணித் தரலை. அதை மறைக்கத்தான் ஒட்டினோம். வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்துச்சே!"

22 வருடமாகப் பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். சமீப காலத்தில் என்னை இவ்வளவு கடுப்பேற்றிய வார்த்தை வேறு இல்லை. ஸ்டிக்கரில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தால், அதன் முன்பக்கத்தில் காபி கொட்டினால் துடைத்துவிடலாம் என்று அர்த்தம். அவ்வளவுதான். சுவருக்குள் ஊறும் தண்ணீருக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை. ஓதம் பின்னாலிருந்து வருகிறது: பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு, உள்ளே பதித்த குழாய், வெளிச்சுவர் விரிசல், மொட்டை மாடி. நீங்கள் ஒட்டுவதோ முன்னால். இதுவரை அந்த ஈரம் ஃபேன் காற்றிலாவது கொஞ்சம் காய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒட்டியதும் அந்த வழியும் அடைபட்டது. நனைந்த சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டினால் சட்டை காயுமா?

உடனே அடுத்த கேள்வி வரும். கனமான ஷீட் வாங்கினால்? சும்மா இருங்கள். கனமாக இருந்தால் ஈரம் இன்னும் பத்திரமாக உள்ளே இருக்கும். மேலே ஒரு கோட்டு பெயின்ட் அடித்துவிட்டு ஒட்டினால்? பெயின்ட்டும் சேர்ந்து பெயரும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த சுவரில் எந்தப் பசையும் நிற்காது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும், பிறகு சுவர் காய வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இருந்தால் எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் அதில் போயிருப்போம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு காசு செலவில்லாத சோதனை உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் கவரைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். கவரின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால், ஸ்டிக்கரை மறந்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனையைச் செய்தால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

அப்புறம் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோ. பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. நடுராத்திரியில் சரசரவென்று கழன்று விழும். புதுப் பூச்சுச் சுவரும் வேண்டாம், புதிதாகப் பெயின்ட் அடித்ததென்றால் ஒரு மாதமாவது பொறுங்கள்.

நான் ஸ்டிக்கருக்கு எதிரி இல்லை. என் வீட்டில் சமையலறைக் கடப்பாக் கல் ஷெல்ஃப், பழைய இரும்பு பீரோ, மைக்கா பெயர்ந்த டீவி மேசை எல்லாமே ஸ்டிக்கர்தான், நானே ஒட்டியது. வழவழப்பாக, கெட்டியாக, காய்ந்து இருக்கும் எதிலும் அருமையாக உட்காரும். 45 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு ரோல் சுமார் 48 சதுர அடி வரும். சிறிய சமையலறையின் அலமாரித் தட்டுகளுக்குப் போதும். மரச் சாமானில் ஒட்டும் முன் கரையான் இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ஒட்டிவிட்டால் அது உள்ளே நிம்மதியாகச் சாப்பிடும், கதவு கையோடு வரும் வரை உங்களுக்குத் தெரியாது.

ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பின்தாளை ஒரேயடியாக உரிக்காமல் நான்கு விரற்கடை உரித்து, ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றித் தேய்த்து, மறுபடி உரியுங்கள். காற்று நின்றால் ஊசியால் ஒரு குத்து.

அடுப்புப் பக்கம்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபோம் ஷீட்டை அடுப்புக்குப் பின்னால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது தீப்பிடிக்கும், உருகிச் சொட்டும். பூஜை மாடத்திலும் அதேதான். விளக்கு வைக்கும் இடத்தில் டைல்ஸோ கல்லோ இருக்கட்டும். வெள்ளி நிறத்தில் மினுங்கும் அலுமினிய ஷீட் எண்ணெய் தெறிப்பதைத் தாங்கும், சரி. ஆனால் அது உலோகம். அதை ஸ்விட்ச் போர்டின் மூடிக்குக் கீழே சொருகி அழகாக முடித்த ஒரு வீட்டைப் பார்த்தேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் அந்தச் சமையலறைக்குள் போனேன். போர்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். அழகு குறையட்டும், பரவாயில்லை.

வாடகை வீடென்றால் ஒட்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தால் அந்தப் போட்டோ பேசும். உரிக்கும்போது முடி காயவைக்கும் ட்ரையரால் சூடு காட்டி, சுவரோடு படுக்கை வாட்டில் இழுங்கள். கத்தி போட்டுச் சுரண்டாதீர்கள். பீரோவிலும் மேசையிலும் தங்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் கழித்துத் துடைத்தால் போதும். சுவரில் எண்ணெய் வேண்டாம், அந்தக் கறையை என்னாலும் எடுக்க முடியாது.

மடிப்பாக்கம் வீட்டில் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கையெல்லாம் சுரண்டி மறுபடி அடைத்தாயிற்று. தங்கச்சி நாள் தவறாமல் கேட்கிறது, பொங்கலுக்குள் சுவரை முடித்துத் தருவீர்களா என்று. நேற்றும் பிளாஸ்டிக் கவரை ஒட்டிப் பார்த்தேன். உட்பக்கம் இன்னும் வியர்க்கிறது. கட்டிலை ஹாலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.