இரவு விடுதி: யாரும் தங்காத விடுதி

நைட் கிளப் என்றால் தமிழில் 'இரவு விடுதி' என்று செய்தித்தாள்களும் பட வசனங்களை மொழிபெயர்ப்பவர்களும் முடிவு கட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை கொடிகட்டிய பழைய காலத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் பத்திக்குப் பத்தி அதையே படித்த பிறகு பொறுக்க முடியவில்லை.

'கிளப்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் தடி, 17ஆம் நூற்றாண்டில் ஆட்கள் ஒன்றுகூடுவதற்கும், அப்புறம் கூடும் இடத்துக்கும் பெயரானது. நம்மூரில் 'காபி கிளப்' வரை வந்தது. 'விடுதி' நம்முடைய 'விடு' என்ற வேரில் பிறந்தது. மாணவர் விடுதி, பயணியர் விடுதி என எங்கே வந்தாலும் தலைசாய்க்க ஓர் இடம் உண்டு.

'உணவு விடுதி, மதுபான விடுதி என்று சொல்கிறோமே, பொருள் விரிந்துவிட்டதே' என்பார்கள். விரியவில்லை, குழம்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடமும்தான், தங்கும் இடமும்தான். ஹோட்டலுக்கு விடுதி என்று எழுதியவர்கள் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தார்கள். உணவு விடுதியில் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. நியூ ஆர்லியன்ஸுக்குப் போனால் நஷ்டம் தெரியும்.

அங்கே லசால் தெருவில் 1939இல் ஃபிராங்க் பைனியா என்ற முடிதிருத்துபவர் தொடங்கியது டியூ டிராப் இன். முடிதிருத்தகம், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறைகள், ஆட்டமும் பாட்டும் நடக்கும் கூடம் எல்லாம் ஓரிடத்தில். பெயரில் இருக்கும் 'இன்' சத்திரத்தைக் குறிப்பது. ரே சார்லஸ், கிட்டார் ஸ்லிம், ஏர்ல் கிங் போன்ற பாடகர்கள் வந்துபோன இடம். 1955இல் பதிவுக்கூடத்தில் வேலை சரியாக நடக்காமல் இடைவேளைக்கு அங்கே போன பாடகர் லிட்டில் ரிச்சர்ட், பியானோவில் உட்கார்ந்து 'டுட்டி ஃப்ருட்டி' என்ற பாட்டை வெளுத்துக் கட்டினார். அதற்குப் பிறகுதான் அது பதிவானது.

அந்தக் கூடத்தோடு அறைகள் ஏன் இருந்தன? நிறப் பிரிவினைச் சட்டங்கள் நடந்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு வெள்ளையர் ஹோட்டல்களில் இடம் கிடையாது. பாடிய இடத்திலேயே படுக்க முடிந்தது பெரிய காரியம். 1952இல் பைனியாவையும், அங்கே வந்த வெள்ளை நடிகர் சக்கரி ஸ்காட்டையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரு நிறத்தாரும் கலந்து உட்கார்ந்ததே குற்றம். இப்படிப்பட்ட இடத்தை 'இரவு விடுதி' என்று ஒற்றைச் சொல்லில் அடைத்தால், கூடத்துக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் போகிறது. அந்த அறைகளின் வரலாறும் சேர்ந்து போகிறது. 'இரவு விடுதியில் தங்கினார்' என்று அந்தக் கட்டுரை சொல்லும்போது, வாசகருக்கு அது வீடு திரும்பாத குடிகாரரின் கதையாகத்தான் தோன்றும்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'மனமகிழ் மன்றம்' என்ற அரசாங்கச் சொல் உறுப்பினர்களுக்கானது. காசு கொடுத்தால் யாரும் நுழையும் இடத்துக்கு ஒட்டாது. 'கேளிக்கை விடுதி'யில் பழைய பிழை அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு முகச்சுளிப்பும். என் தேர்வு 'இரவுக் களரி'. களரி என்றதும் கேரளச் சண்டைப் பயிற்சிதான் நினைவுக்கு வரும் என்று தயங்க வேண்டாம். கூத்துக் களரி தமிழில் இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தில் வட்டக் களரி இருக்கிறது. பொழுது விடியும்வரை ஆட்டமும் பாட்டும் நடக்கும் இடம் என்று அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. பிடிக்கவில்லையா, 'நைட் கிளப்' என்றே எழுதுங்கள். காபி கிளப்பைச் செரித்த மொழிக்கு இது பாரமில்லை.

இதே ஆட்கள்தான் புளூஸை 'நீல இசை' ஆக்குகிறார்கள். நீலப் படம் என்றால் தமிழனுக்கு என்ன படம் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆங்கிலத்தில் 'புளூஸ்' மனச்சோர்வைக் குறித்த பழைய வழக்கு. 'சோக இசை'யும் சரியில்லை. டியூ டிராப்பில் ஜனம் ஆடத்தான் போனது. 'ரிதம் அண்ட் புளூஸ்' 1949இல் பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழ், கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கு இருந்த 'இனப் பதிவுகள்' என்ற பழைய தலைப்பை நீக்கிவிட்டு வைத்த பெயர். கஜலையும் கவ்வாலியையும் பெயர் மாற்றாமல் கேட்கிறோம். இதையும் அப்படியே விடலாம்.

பைனியா 1972இல் இறந்தார். பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்த டியூ டிராப் இன் 2024இல் மீண்டும் திறந்தது, அறைகளோடும் மேடையோடும். அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அறைகளுக்கு மட்டும் 'விடுதி'யை வைத்துக்கொள்ளட்டும்.