வரம்பு கரைந்த வயலில் ஒலிகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தரம் மூன்றில் சொல்வதெழுதல். ஆசிரியை ‘குளம்’ என்கிறார். பிள்ளை ‘குலம்’ என்று எழுதுகிறது. “காது கேட்கவில்லையா?” என்ற அதட்டல் உடனே வரும். கேட்கவே மனம் வலிக்கும் அதட்டல் அது. எழுத்துப் பிழை எல்லாப் பிள்ளைகளும் விடுவதுதான். ஆனால் கூடப் படிப்பவர்கள் திருந்திய பிறகும் அது நீடித்து, வாசிப்பும் தட்டுத் தடுமாறினால், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டதை மூளை இனம் பிரிக்கும் இடத்தில்தான் இடறல்.

ஒருவர் சொல்லும் ‘ள’ இன்னொருவர் சொல்வதைப் போல இருப்பதில்லை. மூளை அந்தச் சிறு வேறுபாடுகளைத் தள்ளிவிட்டு, ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் நடுவே வயல் வரம்பு போல ஓர் எல்லை கட்டிக்கொள்கிறது. 1957இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் அல்வின் லிபர்மன் குழுவினர் செயற்கைப் பேச்சொலிகளைச் சிறு சிறு படிகளாக மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். ஒலி மெல்ல மெல்லத்தான் மாறியது. கேட்டவர்களுக்கோ எல்லையில் சட்டெனத் தாவியது.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலரிடம் இந்த வரம்பு கரைந்திருக்கிறது. வில்லி செர்னிக்லாஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது: எல்லைக்கு இருபுறமுள்ள ஒலிகளைப் பிரிக்கத் தடுமாறிய பிள்ளைகள், ஒரே இனத்துக்குள் இருக்கும் நுண்ணிய வேறுபாட்டை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுகொண்டார்கள். தொண்டையில் கைவைத்து ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வில் இல்லாத அதிர்வு, பின்வரும் ‘பு’வில் இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. அவற்றை வேறு வேறாகவே கேட்கும் பிள்ளைக்கு, ஒலியையும் எழுத்தையும் இணைப்பது எவ்வளவு குழப்பமாக இருக்கும்! தமிழுக்குப் பொருத்தி நான் ஊகிப்பது இது. எல்லாப் பிள்ளைகளிடமும் இந்தக் கூறு காணப்படுவதுமில்லை.

இரைச்சல் இன்னொரு பகை. பிரான்சில் ஜோஹான்னஸ் சீக்லர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமைதியில் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே ஒலிகளைப் பிரித்த டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள், இரைச்சலில் பின்தங்கினார்கள். மாரி மழை தகரக் கூரையில் அறையும் வன்னி வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் சொல்வதெழுதல் வேண்டாம். பிள்ளையை முன் வாங்கில், ஆசிரியையின் உதடு தெரியும்படி இருத்த வேண்டும். மழை விட்டதும் ‘குலம்’, ‘குளம்’ என்று மாறி மாறிச் சொல்லவையுங்கள். ‘ல’வுக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும், ‘ள’வுக்கு மேலே வளையும். காதுக்குப் பிடிபடாத எல்லையை நாக்கால் தடவிப் பார்க்கலாம்.