வான்கோழிக் குஞ்சு நோயுற்றால் வீட்டில் செய்ய வேண்டியவை

வான்கோழிக் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கிறது என்று மருத்துவமனைக்கு எடுத்து வருபவர்களில் பெரும்பாலோர், நாட்டுக்கோழிக்கென்று வீட்டில் வாங்கி வைத்திருந்த ஏதாவது ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். அந்த மருந்து கேட்காமல் போவதில் வியப்பில்லை. வான்கோழியைத் தாக்கும் நோய்களும், அதற்கு ஒவ்வாத தீவனங்களும், குஞ்சுப் பருவத்தில் அது இறந்துபோகும் காரணங்களும் கோழியினுடையவற்றிலிருந்து பல இடங்களில் வேறுபடுகின்றன. எனவே குஞ்சின் வயது என்ன, என்ன தீவனம் தின்கிறது, யாரோடு மேய்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் நான் மருந்துச் சீட்டை எடுப்பதில்லை.

முதல் பத்து நாட்களுக்குள் குஞ்சு துவண்டால், அது பெரும்பாலும் நோயன்று, பட்டினி. கோழிக்குஞ்சைப் போலத் தானாகவே தீவனத்தையும் தண்ணீரையும் கண்டுகொள்ளும் சுறுசுறுப்பு வான்கோழிக் குஞ்சுக்குக் குறைவு. வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு தீரும் வரை நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே செத்துப்போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுகளுக்கு வேகவைத்து உதிர்த்த ஒரு முட்டை என்று முதல் 15 நாட்களுக்குக் கொடுப்பது நம் ஊரில் நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் முறை. பால் கலந்த தண்ணீர் வெயிலில் விரைவில் புளித்துவிடும் என்பதால் அதைப் பொழுதுக்கொரு முறையாவது மாற்ற வேண்டும். தீவனத் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைப்பதும், பொடியாக நறுக்கிய கீரையைத் தூவுவதும், தட்டை விரலால் தட்டிக் காட்டுவதும் விளையாட்டுப்போல் தோன்றினாலும் உயிர் காக்கும் வேலைகள். மாலையில் குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். அது காலியாக ஒட்டிப்போயிருந்தால் அந்தக் குஞ்சு பகல் முழுவதும் தின்னவில்லை.

எந்த வயதானாலும் நோயுற்ற குஞ்சுக்கு முதல் மருந்து வெப்பமே. முதல் வாரத்தில் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நோயுற்ற குஞ்சுக்கோ அதன் வயதுக்குரிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விட்டால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அடியில் நெல் உமியைப் பரப்பி, முதல் சில நாட்கள் அதன்மேல் சாக்குத்துணி விரிக்கலாம். வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால்கள் விரிந்து, அதுவே ஒரு புதிய ஊனமாகிவிடும்.

தண்ணீர் கொடுக்கும் முறையில்தான் நல்ல எண்ணத்தோடு பலர் குஞ்சைக் கொன்றுவிடுகிறார்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்முனையை ஒட்டியே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஊசி போடாத சிரிஞ்சால் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். குஞ்சை நிமிர்ந்த நிலையில் பிடித்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தொண்டையை அசைத்து விழுங்கிய பிறகே அடுத்த சொட்டை வைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவுப்படி கரைத்துக் கொடுக்கலாம். உடல் சில்லிட்டுக் கிடக்கும் குஞ்சுக்கு, சூடு ஏறும் முன் உணவு எதையும் ஊட்ட வேண்டாம்.

மூன்று வாரத்தைத் தாண்டிய குஞ்சானால், அதன் எச்சத்தைப் பார்க்க வேண்டும். இடையிடையே பழுப்பு நிறத்தில் பசைபோல, நாற்றத்தோடு விழுவது குடல்வாலிலிருந்து, அதாவது பறவையின் குடலோடு ஒட்டியுள்ள இரு பைகளிலிருந்து, வரும் இயல்பான எச்சம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் கந்தகத்தின் நிறத்தில் மஞ்சளாகத் தண்ணீர்போல் கழித்தால், அந்தக் குஞ்சை உடனே பிரித்து வையுங்கள். ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு உயிரி உண்டாக்கும் கருந்தலை நோயாக அது இருக்கலாம். பெயரைப் பார்த்துத் தலை கறுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல குஞ்சுகளில் தலை கறுப்பதே இல்லை. இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கும்போது கல்லீரலின் மேல் நாணயம் பதித்ததுபோல வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புண்களும், குடல்வால்களுக்குள் பாலாடைக்கட்டிபோல் இறுகிய கட்டியும் தெரிந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

இந்நோயின் வழி வியப்பானது. கோழியின் குடல்வாலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் இந்த ஓரணு உயிரி ஒளிந்துகொண்டு, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண்புழு அந்த முட்டையைத் தின்றால், அந்த மண்புழுவைக் கொத்தும் வான்கோழிக்கும் நோய் வரும். கோழிகளோ பெரும்பாலும் நோயின் அடையாளம் எதுவும் காட்டாமல் உலவும். ஆகவே நாட்டுக்கோழி மேய்ந்த கொல்லையில் வான்கோழிக் குஞ்சை விடக் கூடாது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. குடற்புழு நீக்க மருந்து அந்தப் புழுவைக் கட்டுப்படுத்துமே தவிர, நோய் கண்ட குஞ்சைக் காப்பாற்றாது. கடைகளில் கேட்டு வாங்கிப் போடும் மெட்ரோனிடசோல் வகை மருந்துகள், உணவுக்காக வளர்க்கும் பறவைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விலக்கப்பட்டவை. என்ன மருந்து என்ற முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கழிச்சல் இல்லாமல், கால்கள் பின்னால் நீண்டு, நெஞ்சைத் தரையில் அழுத்திக் குஞ்சு படுத்துவிட்டால், தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். ரத்தக் கழிச்சலைத் தடுக்கப் பிராய்லர் தீவனத்தில் சேர்க்கப்படும் சாலினோமைசின், நராசின் ஆகியவை, கோழிக்குப் பாதுகாப்பான அளவிலேயே வான்கோழிக்கு நஞ்சாகி இதயத்தையும் தசைகளையும் தாக்கக்கூடியவை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்தத் தீவனத்தை அந்த வேளையே நிறுத்துவதுதான் சிகிச்சை. இத்தகைய தீவனம் தின்னும் குஞ்சுக்குச் சளி என்று டயாமுலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால், அந்தத் தீவன மருந்து உடலில் தேங்கி நஞ்சு கடுமையாகும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 28 விழுக்காடு அளவுக்குப் புரதம் தேவைப்படுவதால், பிராய்லர் தீவனம் அந்த வகையிலும் போதாது.

முகத்திலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டால் அது அம்மையாக இருக்கும்; மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதில் தவறில்லை, ஆனால் வாய்க்குள் படலம் கட்டியிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். அதுபோலவே நோய் எதுவென்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழியினங்களுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்துவிட்டது. வீட்டு அலமாரியில் பழைய பொட்டலம் இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கழுத்து முறுக்கிக்கொள்வது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இறப்பது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சலோ (ராணிக்கெட் நோய்) பறவைக் காய்ச்சலோ என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. இறந்த குஞ்சை வெறுங்கையால் தொடாமல் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சுற்றிலும் பனிக்கட்டி வைத்து, மருத்துவர் சொல்லும் இடத்துக்கு அன்றைக்கே அனுப்புங்கள். உறைபெட்டியில் வைத்தால் திசுக்கள் சிதைந்து, பரிசோதனைக்கு அவ்வளவாகப் பயன்படாது. அனுப்ப இயலாவிட்டால், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, பெட்டியிலிருந்த உமியை எரித்துவிடுங்கள்.