எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்: மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

"எலும்புக்குப் பரவிடுச்சு" என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்பது, "இன்னும் எவ்வளவு நாள்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எந்த வகைக் கட்டி என்பது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (இந்த ஹார்மோன்கள் புற்றணுவில் வந்து ஒட்டும் இடங்கள்), ஹெர்2 (புற்றணுவை வளரத் தூண்டும் ஒரு புரதம்) ஆகிய மூன்று சோதனைகளின் விடையை வைத்தே சிகிச்சை அமையும். சில வருடங்களுக்கு முன் மார்பில் எடுத்த பயாப்சியே போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஏற்பிகள் இடையில் மாறிவிடுவதுண்டு. முடிந்தால் பரவிய இடத்திலிருந்து மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்பிலிருந்து எடுப்பதானால் ஒரு சிக்கல் இருக்கிறது. சுண்ணாம்பைக் கரைக்க லேப்பில் கடும் அமிலம் பயன்படுத்தினால் ஏற்பிச் சோதனையே பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். ஏற்பிச் சோதனைக்காக எடுக்கிறோம் என்று முன்கூட்டியே லேப்புக்குத் தெரிவிப்பது நல்லது.

ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத வகைதான் அதிகம். எலும்பை முதலில் தேடிப் போவதும் பெரும்பாலும் இதுவே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோலுடன் (ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) ரைபோசிக்லிப் (புற்றணு பெருகுவதைத் தடுக்கும் மாத்திரை) சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. அதில் பாதிப் பேர் 63.9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் அந்தக் கணக்கு 51.4 மாதம். நோய் முழுதாகப் போய்விடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் 'முற்றிப்போச்சு, இனி என்ன' என்று கைவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வருடக்கணக்கில் ஓடும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் வீட்டில், சமையலறை அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாவில்தான் நடக்கிறது. தவறுகளும் அங்கேதான். லெட்ரோசோல் 2.5 மி.கி. தினமும் ஒன்று, இடைவெளியே கிடையாது. ரைபோசிக்லிப் 200 மி.கி. மாத்திரை மூன்று, ஒரே வேளையில், 21 நாள். பிறகு 7 நாள் ஓய்வு. அந்த ஓய்வு வாரத்தில் லெட்ரோசோலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். அல்லது எட்டாம் நாள் திரும்ப ஆரம்பிக்க மறந்து இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. தினசரி காலண்டரில் 21 நாளைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு, விழுங்கியதும் அடித்துவிடுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட இது வேலை செய்கிறது. ஒரு நாள் விட்டுப்போனாலும், விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும், அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

"மாத்திரைதானே, கீமோ இல்லையே" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. முதல் இரண்டு சுற்றுகளில் (21 நாள் மாத்திரையும் 7 நாள் ஓய்வும் சேர்ந்தது ஒரு சுற்று) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை அணு, ஈரல் இரண்டையும் பார்க்க வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 1000-க்குக் கீழே போனால் ரைபோசிக்லிப்பை நிறுத்திவைத்து, ஏறியபின் தொடர்வார்கள். இந்த மருந்து மஜ்ஜை அணுக்களைக் கொல்வதைவிட அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது, அதனால் பெரும்பாலும் சீக்கிரம் மீண்டுவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரைபோசிக்லிப் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தையும் நீட்டக்கூடியது. தொடங்கும் முன்பும் 14-ஆம் நாளும் ஈ.சி.ஜி. எடுப்பது அதற்காகத்தான். மெடிக்கல் ஷாப்பில் வாந்திக்குக் கேட்டு வாங்கும் டோம்பெரிடோன், சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின் இரண்டும் அதே வேலையைச் செய்பவை. சேர்ந்தால் ஆபத்து. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

நாற்பது வயதுப் பெண்ணுக்குக் கீமோவால் மாதவிடாய் நின்றிருந்தால், சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 28 நாளுக்கு ஒருமுறை சினைப்பையை ஓய வைக்கும் கோசெரலின் 3.6 மி.கி. ஊசியோ, சினைப்பையை அகற்றுவதோ சேராவிட்டால் லெட்ரோசோல் பயன்தராது.

எலும்பு அரிப்பதைக் குறைக்கும் சோலெட்ரானிக் அமிலம் 4 மி.கி., 15 நிமிடத்துக்குக் குறையாமல் ட்ரிப்பில் ஏற்றுவார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பலருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறையே போதும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். முதல் ஊசிக்கு முன்னால் பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டிய சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் புண் ஆறவிட்டு வாருங்கள். ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. கால்சியமும் வைட்டமின் டி-யும் விடாமல் எடுக்க வேண்டும்.

மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம். போன் ஸ்கேனில் புதிய புள்ளிகள் தெரியும், வலியோ குறைந்திருக்கும். எலும்பு ஆறும்போதும் ஸ்கேனில் அதிகமாக ஒளிரும் என்பதால் இப்படி ஆகலாம். நோயின் போக்கைப் பார்க்க எடுக்கும் சி.ஏ. 15-3 என்ற ரத்தப் பரிசோதனை எண்ணும் ஆரம்ப வாரங்களில் ஏறி இறங்குவதுண்டு. அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் மருந்தை மாற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள். பழைய ஸ்கேன் சிடியை எப்போதும் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்காத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் 'கடைசிக் கட்டம்' என்று பயப்பட வேண்டாம். வலி இருக்கும்வரை எடுத்துக்கொண்டு, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து வலி தணிந்ததும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்துபவர்கள் உண்டு. மலச்சிக்கல் மாத்திரையை முதல் நாளிலிருந்தே சேர்த்து எடுக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரிடம் நோயை மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் 'எலும்புக்குச் சத்து மாத்திரை' என்று நம்பி விழுங்கும் அம்மாவுக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று யார் சொல்வது? படுத்தால் அதிகமாகும் முதுகுவலி, இருமினால் முதுகிலிருந்து சுற்றிப் பாயும் வலி, படியேறும்போது காலில் தளர்ச்சி, தொடையில் மதமதப்பு, சிறுநீர் கழிக்கத் தடுமாற்றம் ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் நடை பெரும்பாலும் தங்கும். கால் விழுந்தபின் மீள்வது கடினம். தைலம் தேய்த்துப் பார்க்கவோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கவோ நேரமில்லை. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது, காலில் பலம் குறைகிறது, முதுகெலும்பு முழுக்க எம்.ஆர்.ஐ. பாருங்கள்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.